வாங்காத அரைச்சீட்டு

நீங்க எப்பவாவது பெத்த பிள்ளைக்கு வயசக் குறைச்சுச் சொல்லியிருக்கீங்களா? ரயிலடியில சொல்லியிருப்பீங்க. ஒரு நாளும் சொன்னதில்லன்னு சத்தியம் பண்ணுத ஆளு இதப் படிக்க வேண்டாம். அவுகளுக்கு இதுல ஒண்ணுமில்ல.

ராதாபுரத்துல கருப்பட்டி சேத்து வைக்கிற கிட்டங்கி ஒண்ணுல நிறுவை பாக்கிற வேலை தாணுமாலையன் பிள்ளைக்கு. பனையும் தேரிக்காட்டுச் செம்மண்ணும் தவிர அவரு பெருசா ஒண்ணும் கண்டதில்ல. அந்த வருசம் பங்குனியிலருந்தே அவருக்கு ஒரே யோசனை. ஆடி அமாவாசைக்குப் பாவநாசம் போயி செத்துப்போன அப்பாவுக்கு எள்ளுந்தண்ணியும் இறைக்கணும். போற வழியில நெல்லையப்பரையும் காந்திமதியையும் கும்பிட்டுரணும். மலையில அருவியப் பாக்கணும். திரும்பும்போது கல்லிடைக்குறிச்சி, சேரமாதேவின்னு ஆத்தங்கரைக் கோயில் ஒண்ணு விடப்படாது. அம்புட்டையும் மடியில இருக்கிற சொச்சத்துக்குள்ள முடிக்கணும்.

கிட்டங்கிக்கு வாற வண்டிக்காரன் ஒருத்தனையும் விடமாட்டாரு. எந்தச் சத்திரத்துல காசு கேக்காம படுக்க விடுவான், எந்தக் கோயில்ல உச்சிவேளைக்குப் பட்டைச்சோறு கிடைக்கும்னு கேட்டுக்கேட்டு எல்லாத்தையும் மனசுல அடுக்கி வச்சிருந்தாரு. திருநெல்வேலி வரைக்கும் கருப்பட்டி வண்டி மேல ஏறி ஓசியில போயிரலாம். வயித்துக்குக் கட்டுச்சோறும் அவலும். மிச்சச் செலவு ரயில் ஒண்ணுதான். பாவநாசத்துக்குப் பக்கத்துல அம்பாசமுத்திரத்துக்கு ரயில் வந்து நாலஞ்சு வருசந்தான் ஆயிருந்துது.

"மூணு வயசுக்குள்ளன்னா சீட்டே கிடையாதாம்ளா. அதுக்கு மேலன்னாதான் அரைச்சீட்டாம்," னாரு பொண்டாட்டி சொர்ணாம்பாள்கிட்ட.

"நம்ம பிள்ளைக்கு ஆறு நடக்கு."

"ஆளு சுண்டைக்கா மாதிரிதான இருக்கா? மூணுன்னா எவன் இல்லைங்கான்?"

"ஆளு சுண்டைக்காதான். வாயி?"

அதுக்கும் அவரு ஒரு வழி வச்சிருந்தாரு. வண்டி நாங்குநேரி தாண்டும்போது கருப்பட்டிச் சிப்பத்து மேல பிள்ளைய மடியில இருத்திச் சொல்லிக் குடுத்தாரு.

"ரயில்ல எவன் என்ன கேட்டாலும் வாயத் திறக்கப்படாது. பேரு கேட்டாலும் சொல்லப்படாது. உங்கப்பன் யாருன்னு கேட்டாலும் சொல்லப்படாது. பேச்சு வராத பிள்ளை மாதிரி இருக்கணும்."

"பேசினா என்ன ஆவும்?"

"சிவப்புத் தலப்பா வச்ச போலீஸ்காரன் வருவான். அப்பா கையில விலங்கப் போட்டு இழுத்துட்டுப் போயிருவான். பெறவு உனக்கு அப்பாவே கிடையாது."

பிள்ளை அவரு மூஞ்சியவே பாத்துட்டு இருந்துது. பெறவு ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டுது. வண்டிக்காரன் சிரிச்சான். சொர்ணத்துக்குச் சிரிப்பு வரல்ல.

"பிள்ளைகிட்ட இப்படியா சொல்லுவாவ?"

"சும்மா இரி ஏட்டி. நீயும் கூடக்கூடப் பேசாதே."

திருநெல்வேலியில ஏறின ரயில் பொட்டலத் தாண்டி வயக்காட்டுக்குள்ள நுழைஞ்சுது. கண்ணு எட்டுன மட்டும் பச்சை. பச்சைக்கு ஊடால ஆறு மின்னிச்சு. பிள்ளை எந்திரிச்சு நின்னு சன்னல் கம்பியப் பிடிச்சுது. கத்தத்தான் வாயத் திறந்துது. உடனே அப்பனப் பாத்துட்டு மூடிக்கிட்டுது. கண்ணு மட்டும் பெருசாயிட்டே போச்சு. சீட்டுப் பாக்கிற ஐயா வந்து, "பாப்பா பேரென்ன?" ன்னு குனிஞ்சு கேட்டாரு. அது மரம் மாதிரி நின்னுது.

"மூணு இன்னும் முடியல்ல சாமி. பேச்சும் வரல்ல," ன்னாரு தாணுமாலையன் பிள்ளை.

அந்த ஐயா பாவமேன்னு பிள்ளை தலையத் தடவிட்டுப் போனாரு. "எப்படி எம்மவ? கெட்டிக்காரி," ன்னு தாணுமாலையன் பிள்ளை மீசைய நீவிக்கிட்டாரு.

பாவநாசம் வந்து சேந்தப்பவும் பிள்ளை பேசல்ல. தலைய ஆட்டிச்சு, கைய நீட்டிச்சு, அவ்வளவுதான். சொர்ணம் கேட்டா, "இனியாவது அதப் பேச விடுங்களேன்."

"திரும்ப ரயிலேற வேண்டாமா? இப்பப் பேசிப் பழகிட்டுன்னா வண்டியில வாய் நிக்காது. ஊருக்குப் போயிப் பேசட்டும்."

அமாவாசையன்னைக்கு விடியும்போதே படித்துறையில கால் வைக்க இடமில்ல. மலையில மழை. ஆறு ரெண்டு கரையும் தொட்டு, நுரையும் சருகுமா, ஒரு இரைச்சலோட போவுது. ராதாபுரத்துக்காரிக்குக் கிணத்துத் தண்ணிதான் தெரியும். கிணத்துத் தண்ணி போட்ட இடத்துல கிடக்கும். இது ஓடுது. அதப் பாத்ததுமே சொர்ணத்துக்குக் கால் பின்னுக்குப் போச்சு.

தாணுமாலையன் பிள்ளை எள்ளுந்தண்ணியும் இறைக்க ஐயரத் தேடிப் போயிட்டாரு. சொர்ணம் பிள்ளையோட பச்சைப் பாவாடைய அவுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு, அரைஞாணோட நிறுத்தி, படியில வச்சே செம்பால தண்ணி ஊத்தினா. "என் முந்தானையப் பிடிச்சுக்கோ. விட்டுராதே," ன்னுட்டு மூக்கப் பிடிச்சு முங்கினா. ஒரு முங்கு. ரெண்டு முங்கு. மூணாவது முங்கி எந்திரிச்சுக் கண்ணத் துடைச்சுட்டுத் திரும்பினா.

முந்தானை தண்ணியில மிதந்துது. பிடிச்சிருந்த கை இல்ல.

"குட்டி," ன்னா. முதல்ல பையத்தான் கூப்பிட்டா. பெறவு சத்தமா, "ஏ குட்டி." எங்கன பாத்தாலும் குட்டிதான். நாலஞ்சு பிள்ளைக திரும்பிப் பாத்துது. அவ பிள்ளை பேரு ஆவுடைத்தாய். அது சொர்ணத்தோட மாமியா பேரு. மாமியா பேர மருமவ வாயால சொல்லப்படாதுல்லா, அதனால பெத்த நாள்லருந்து அவளுக்கு அது குட்டிதான். அன்னைக்கு அந்தப் படித்துறையில நின்னுக்கிட்டு ஆயுசுல முதத் தடவையா கத்தினா, "ஏ ஆவுடை, ஆவுடைத்தாயீ."

பதிலில்ல. பதில் வந்திருந்தாலும் ஆத்துச் சத்தத்துல கேட்டிருக்காது.

பக்கத்துல துவைச்சுட்டு இருந்த ஒருத்தி சேலையப் போட்டுட்டு எந்திரிச்சா. "எந்தப் படியில நின்னுது? இதுலயா? ஐயையோ, இதுக்கு அடுத்த படி கசம்லா. ஆனைய விட்டாலும் நிலைக்காது." இன்னொருத்தி அவகிட்டக் குசுகுசுன்னு சொன்னா. குசுகுசுன்னு சொன்னது சொர்ணத்துக்கு நல்லாவே கேட்டுது. "வருசம் ஒண்ண இந்த ஆறு கேக்கும்."

ரெண்டு பேரு இடுப்புல கயத்தக் கட்டிட்டு முங்கினாவ. ஒவ்வொரு தடவையும் அவுக தலை வெளிய வரும்போது சொர்ணம் அவுக கையத்தான் பாப்பா. ஒண்ணுமில்லன்னா மறுபடி தண்ணியப் பாப்பா. ஒருத்தன் கையில எதையோ தூக்கிட்டு வந்தான். கறுப்பா, நீளமா இருந்துது. அவ கண்ண மூடிக்கிட்டா. அது வேரு.

தாணுமாலையன் பிள்ளை ஈர வேட்டியோட கோயில் வாசலுக்கு ஓடினாரு. அங்கன திருவிழாவுக்குன்னு போட்டிருந்த போலீஸ்காரரு பேரு சுவிசேஷமுத்து. பாளையங்கோட்டைக்காரரு. தலையில சிவப்புத் தலப்பா.

"பிள்ளைக்கு என்ன வயசு வே?"

தாணுமாலையன் பிள்ளை தலப்பாவப் பாத்தாரு. "மூணு," ன்னாரு.

"நல்லாப் பேசுமா?"

"நல்லாப் பேசுங்க. பேரு, ஊரு, அப்பன் பேரு, எல்லாம் கடகடன்னு சொல்லும்."

"அப்பம் உம்ம பிள்ளை இல்ல. ஊமைப் பிள்ளை ஒண்ணுதான் கிடைச்சிருக்கு. அதுக்கு அஞ்சாறு வயசு இருக்கும். பாய்க்கடைப் பக்கம் இருக்கு."

"எம்பிள்ளை ஊமையில்லைங்க," ன்னாரு தாணுமாலையன் பிள்ளை. தமுக்கடிக்கிறவன் கூட்டத்துக்குள்ள அப்படியே சொல்லிட்டுப் போனான். மூணு வயசுப் பொம்பளப் பிள்ளை, நல்லாப் பேசும், கண்டவுக கோயில் வாசலுக்குக் கொண்டாங்க.

உச்சிவேளை ஆச்சு. கூட்டம் பைய கலைய ஆரம்பிச்சுது. முங்கினவுக கயத்தச் சுருட்டிட்டு, "தாயி, இனி கீழ ஊர்ப்பக்கந்தான் பாக்கணும். தண்ணி இழுத்துட்டுப் போயிருக்கும்," னுட்டு சொர்ணம் மூஞ்சியப் பாக்காமப் போயிட்டாவ. அவ படியில உக்காந்து பச்சைப் பாவாடையச் சுருட்டி நெஞ்சோட வச்சிருந்தா. அது காஞ்சு போச்சு. பிள்ளை வாசம் அடிச்சுது. இதப் பிடிச்சுக்கிட்டு ஊருக்குப் போணுமான்னு ஒரு நினைப்பு வந்துது. வந்ததும் பாவாடைய இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.

தாணுமாலையன் பிள்ளை வந்து பக்கத்துல சரிஞ்சு உக்காந்தாரு. "எங்கனயும் இல்ல. எவனோ ஊமைப் பிள்ளை ஒண்ணு கிடைச்சிருக்குங்கான். நம்ம பிள்ளையப் பத்தி ஒரு தாக்கலும் இல்ல."

சொர்ணம் தலையத் தூக்கினா.

"என்ன பிள்ளை?"

"ஊமைப் பிள்ளை. அஞ்சாறு வயசாம்."

"நீங்க என்ன வயசு சொன்னீக?"

அவரு வாயத் திறக்கு முன்ன சொர்ணம் எந்திரிச்சு ஓடிட்டா. ஆயுசுல புருசனுக்கு முன்னால அவ நடந்ததில்ல. அன்னைக்கு ஓடினா.

பாய்க்கடைல இருந்தது ஆசியா உம்மாள். பத்தமடைலருந்து பாய்க்கட்டோட வருசா வருசம் வாறவ. பாய்க்கட்டுகளுக்கு நடுவுல, உம்மாளோட துப்பட்டியச் சுத்திக்கிட்டு, பிள்ளை உக்காந்திருந்துது. முன்னால வச்ச வாழைப்பழத்தத் தொடல்ல.

"குட்டி."

பிள்ளை பாத்துது. எந்திரிக்கவும் செஞ்சுது. அதுக்குள்ள பின்னாலயே மூச்சிரைக்க தாணுமாலையன் பிள்ளை வந்தாரு. அவரு கூடவே, என்ன சங்கதின்னு பாக்க, சுவிசேஷமுத்துவும் வந்தாரு. பிள்ளை அந்தத் தலப்பாவப் பாத்துது. பெறவு அப்பனப் பாத்துது. எந்திரிச்சது அப்படியே உக்காந்து, உம்மாள் முதுகுக்குப் பின்னால போயிட்டுது.

"இது உங்கப்பாவா பாப்பா?" ன்னு கேட்டாரு சுவிசேஷமுத்து.

பிள்ளை இல்லைன்னு தலைய ஆட்டிச்சு.

"இது உன் அம்மாவா?"

பிள்ளை சொர்ணத்தப் பாத்துது. உதடு ரெண்டும் துடிச்சுது. கண்ணுலருந்து தண்ணியா ஊத்துது. அப்பவும் இல்லைன்னுதான் ஆட்டிச்சு.

சொர்ணத்துக்குத் தண்ணிக்குள்ள முங்கின மாதிரி காது ரெண்டும் அடைச்சுப் போச்சு.

ஆசியா உம்மாள் பிள்ளைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. "காலையிலருந்து எங்கூட இருக்கு. எவளோ ஒருத்தி முந்தானைய அவ அம்மான்னு நினைச்சுப் பிடிச்சுட்டு வந்திருக்கு. அவ ஏதோ பிச்சைக்காரப் பிள்ளைன்னு உதறிட்டுப் போயிட்டா. அப்பவும் இது கத்தல்ல, அழல்ல. வாயில்லாத சீவன். மூணு வயசு, நல்லாப் பேசும்னு தமுக்கடிச்சது நீங்கதான? அந்தப் பிள்ளையப் போய்த் தேடுங்க. அல்லாவே, இத எங்கிட்டருந்து யாரும் கொண்டுபோவ முடியாது."

"நான் பெத்த பிள்ளைம்மா," ன்னா சொர்ணம். பாவாடைய நீட்டினா.

"பாவாடை எந்தப் பிள்ளை இடுப்புக்கும் காணும்."

சுவிசேஷமுத்து தாணுமாலையன் பிள்ளை தோள்ல கைய வச்சாரு. "ஓய், பிள்ளை பிடிக்கிற சோலியா? இந்தக் கூட்டத்துல அதுக்குன்னே வாறானுவ. ஸ்டேசனுக்கு நட."

அந்தக் கை தோள்ல விழுந்ததும் பிள்ளை ஒரு சத்தம் போட்டுது. பேச்சில்ல. கன்னுக்குட்டி மிரண்டா வாற மாதிரி ஒரு சத்தம்.

சொர்ணம் புருசனப் பாத்தா. பாத்துக்கிட்டே நின்னா. அவரு அந்த இடத்துலயே, அத்தனை பேரு பாக்க, மண்ணுல உக்காந்துட்டாரு.

"ஐயா, அது ஊமையில்ல. வயசு ஆறு நடக்கு. ரயிலுக்கு அரைச்சீட்டு வாங்காம ஏச்சிட்டேன். பேசினா போலீசு வந்து என்னப் பிடிச்சுருவான்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். என்னக் காப்பாத்தணும்னுதான் அது பெத்தவளையே இல்லைங்கு." பெறவு பிள்ளையப் பாத்து, "ஆவுடை, சொல்லு தாயி. அப்பாதான்னு சொல்லு. ஒண்ணும் பண்ண மாட்டாவ," ன்னாரு.

பிள்ளை சொல்லல்ல. அப்பா மண்ணுல உக்காந்து அழுததப் பாத்ததும் அதுக்குப் பயம் கூடத்தான் செஞ்சுது.

"இம்புட்டுக்குத்தானா ஓய்? நான் ரயில்வேக்காரன் கிடையாது. நானும் எம்மவனுக்கு வயசு குறைச்சவன்தான்," னாரு சுவிசேஷமுத்து. சொல்லிட்டு, தலப்பாவக் கழத்திப் பாய்க்கட்டு மேல வச்சாரு. உள்ள வழுக்கை மண்டை. நாலு முடி வேர்வையில ஒட்டிக் கிடந்துது. "பாப்பா, இங்கேரு. போலீஸ்காரன் போயிட்டான். இப்பம் நான் வெறும் ஆளு."

பிள்ளை அந்தத் தலையப் பாத்துது. பாய்க்கட்டு மேல இருந்த தலப்பாவப் பாத்துது. பெறவு ஆசியா உம்மாள் கைய ஒவ்வொரு விரலா விலக்கிட்டு, குனிஞ்சு, தலப்பாவுக்குத் தூரமாச் சுத்தி வந்து சொர்ணத்தோட கால்ல ஒட்டிக்கிட்டுது. ஒடம்பெல்லாம் தீயாக் கொதிச்சுது. சொர்ணம் அதத் தூக்கி, பாவாடையக் கட்டிவிட்டா. எத்தனை தடவ கட்டியும் முடிச்சே விழல்ல. உம்மாள்தான் முடிச்சுப் போட்டா.

"பேச வையி தாயி," ன்னு பையச் சொன்னா. "இன்னைக்கே பேச வையி."

சாயங்காலம் வரைக்கும் சத்திரத்துல வச்சு சொர்ணம் பேசிப் பாத்தா. கதை சொன்னா, அவல் ஊட்டினா, காதுல மெதுவா, "இங்க ஒருத்தரும் இல்ல, அம்மான்னு ஒரு தடவ சொல்லுட்டி," ன்னு கெஞ்சினா. பிள்ளை அவ கழுத்தக் கட்டிக்கிட்டு வாசலையே பாத்துட்டு இருந்துது. அருவிக்கு யாரும் போவல்ல. கல்லிடைக்குறிச்சியும் சேரமாதேவியும் தாணுமாலையன் பிள்ளை வாயில வரவே இல்ல.

மறுநாள் காலையில அம்பாசமுத்திரம் டேசன்ல தாணுமாலையன் பிள்ளை ரெண்டு முழுச்சீட்டும் ஒரு அரைச்சீட்டும் வாங்கி, அரைச்சீட்டப் பிள்ளை கையில குடுத்தாரு. வண்டியில சீட்டுப் பாக்கிறவரு வந்து பிள்ளைகிட்ட பேரு கேட்டாரு. பிள்ளை சீட்ட நீட்டிச்சு. பேரு சொல்லல்ல.