முன்கதவின் நான்காவது ஓரம்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. நவம்பரில் ஒரு நாள், வெர்னா வீட்டு முன்கதவுக்குக் குளிர் தடுக்கும் பிளாஸ்டிக் தாள் ஒட்ட, ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரன் நான் போனேன். கைகள்தான் தாளில் இருந்தன. காதுகள் சும்மாதானே இருந்தன.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மூடிய கதவருகே மரணம் காத்து நின்ற...’ அடித்துவிட்டேன். அங்கே நின்றது ஒரு பழைய தையல் இயந்திரம்.

2

கனடாவின் கிழக்கோரத் தீவான நியூஃபவுண்ட்லாந்தில் எங்கள் ஊர்க்காரர் யாரும் முன்கதவால் வருவதில்லை. பின்கதவைத் தட்டாமல் திறந்து, நேரே அடுப்படியில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். முன்கதவு பாதிரியாருக்கும் சவப்பெட்டிக்கும். (அதைத் தட்டுகிறவன் வெளியூரான். அவன் வெளியே விறைத்துக்கொண்டிருக்க, உள்ளே இருப்பவர்கள் செத்தது யார் என்று யோசிப்பார்கள்.) வெர்னாவின் முன்கதவுக்குப் படியே கிடையாது. யாருக்கும் அது குறையாகப் பட்டதில்லை. காற்று மட்டும் படி கேட்காமல் ஏறி வரும்.

3

வெர்னாவின் கணவர் ஹெட்லிக்கு நுரையீரல் சரியில்லை. அடுப்படிக் கட்டிலில் கிடந்தார். அந்தக் காற்று வந்து சேருமிடமும் அதே கட்டில்தான். ஒட்டினால் முடிந்தது; இதில் கதை எங்கே? ஹெட்லியின் அக்கா மில்ட்ரெட் கொண்டுவந்தார்.

“ஏன்டி வெர்னா, சுத்தியல் எதுக்கு? ஆணியும் அடிக்கப் போறியா?”

“அடிப்பேன். அவருக்குக் குளிருது.”

“எங்கப்பாவும் இப்படித்தான் அடிச்சாரு. பிப்ரவரியில போயிட்டாரு. பின்கதவுல சவப்பெட்டி திரும்பல. முன்கதவு ஆணியோ பனியில இறுகிக் கெடக்கு. ஜன்னல் வழியா கயிறு கட்டி எறக்கினோம். ஊரே வேடிக்கை பாத்துச்சு.”

“இவரு எங்கயும் போகல, மதினி.”

“போறான்னு நான் சொன்னேனா? வழி இருக்கட்டும்னேன்.”

“வழி இருந்தாத்தான் போகத் தோணும்.”

[இங்கே ஹெட்லியின் மனநிலை பற்றி ஒரு பத்தி இருந்தது. அவரே பேசிவிட்டதால் எடுத்துவிட்டேன்.]

“நான் இங்கதான் படுத்திருக்கேன். காது நல்லாத்தான் கேக்குது. டீயக் குடுத்துட்டுச் சண்ட போடுங்க.”

4

ஆணி வேண்டாம், டேப் போதும் என்று முடிவானது. மூன்று ஓரம் ஒட்டினோம். நான்காவதற்கு ஹெட்லி எழுந்து வந்தார். மூன்று வாரத்தில் முதல் நடை. சுவரைப் பிடித்தபடி, மூச்சு வாங்க, டேப்பை நீவி நீவி ஒட்டினார். கடைசி நுனியை மட்டும் உள்பக்கமாக மடித்துவிட்டார்.

“இது எதுக்கு?” என்று கேட்டார் வெர்னா.

“பிரிக்கறவங்க நகம் ஒடையக் கூடாதில்ல.”

“மே மாசம் நீங்கதான் பிரிக்கணும்.”

டீ ஆறிவிடும் என்றார் ஹெட்லி.

5

முடிவு ஒன்று: மே மாதம், வெயில், ஹெட்லியே பிரிக்கிறார். (தேன் ஒழுகுகிறது.)

முடிவு இரண்டு: ஜனவரி, ஆறு பேர் தூக்க, சவப்பெட்டி முன்கதவால் நேராகப் போகிறது. (மில்ட்ரெடுக்கு அந்தத் திருப்தியைத் தர எனக்கு மனமில்லை.)

முடிவு மூன்று: ‘கதவு என்பது உண்மையில்...’ வேண்டாம்.

நடந்தது எது என்று எனக்குத் தெரியும். பிரித்தபோதும் ஒரு முனையைப் பிடித்தவன் நான்தான். மாதத்தைச் சொல்ல மாட்டேன். இந்தக் கதையின் நுனியையும் மடித்தே விட்டிருக்கிறேன். உங்கள் நகம் உடையாது. இழுங்கள்.