பேர் சொல்லி மூன்று தடவை

கோர்ட்டில் டவாலி வேலை பார்க்கிறவருக்குத் தொண்டைதான் சொத்து. கூத்தையாவுக்கு அது வஞ்சனையில்லாமல் வாய்த்திருந்தது. வாசலில் நின்று வழக்காளியின் பேரை மூன்று தடவை கூப்பிடுவார். மூன்றாவதுக்கும் ஆள் வராவிட்டால் தீர்ப்பு எதிராளிக்குப் போய்விடும்.

திருவாடானைக்குக் கிழக்கே இருந்த அந்தச் சின்ன முன்சீப் கோர்ட்டில் ஒரே ஒருவரை மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் பண்ணைக்காரர் செல்லச்சாமி. வேப்பமரத்தடியில் வில்வண்டிக்குள்ளேயே சாய்ந்திருப்பார். கூத்தையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய், பெரியய்யா வரலாம் என்று மெல்லச் சொல்ல வேண்டும். உள்ளே அவருக்கென்று ஒரு நாற்காலி வேறு. இதெல்லாம் எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று ஒரு முன்சீப்பும் கேட்டதில்லை. கூத்தையாவா கேட்பார்? அவருடைய குடிசை நின்றதே பெரியய்யாவின் புஞ்சையில்தான்.

ஐம்பத்தாறாம் வருஷம் வந்த முன்சீப் வேறு மாதிரி. தன் வயலுக்கு வரும் வாய்க்காலைப் பண்ணை அடைத்துவிட்டதென்று உலகம்மாள் வழக்குப் போட்டிருந்தாள். பயிர் காய்ந்துகொண்டிருந்தது. பெரிய இடங்களிலிருந்து முன்சீப்புக்குச் சிபாரிசுக் கடிதங்கள் வந்தன. மாற்றிவிடுவார்கள் என்ற பேச்சும் வந்தது. அவர் கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். வாய்தா நாள் காலையில் அந்த நாற்காலியையும் எடுக்கச் சொல்லிவிட்டார்.

பேரை ஒரு தடவை கூப்பிட்டதுமே உலகம்மாள் ஓடி வந்து நின்றாள். பண்ணை வக்கீல் எழுந்து, கட்சிக்காரர் வெளியே இருக்கிறார், டவாலி போய்ச் சொன்னால் வந்துவிடுவார் என்றார்.

"கோர்ட்டு யாரையும் தேடிப் போகாது. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, கூத்தையா" என்றார் முன்சீப்.

கூத்தையா வாசலுக்கு வந்தார். முன்சீப் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், அந்த நேர்மை வாசலைத் தாண்ட வேண்டுமானால் இந்தத் தொண்டை வழியாகத்தான் தாண்ட வேண்டும் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"செல்லச்சாமி!"

பாதியிலேயே குரல் கம்மியது. மரத்தடியில் பேச்சு நின்றது. இரண்டாம் தடவை குரல் தெளிந்து வந்தது. வண்டியின் திரை விலகியது.

"ஏலே கூத்தையா, ஒன் வீடு எங்கன இருக்குன்னு நெனப்பிருக்கா?"

"இருக்குங்க. இன்னும் ஒரு தடவ பாக்கியிருக்கு. அதுக்குள்ள வந்துட்டா நல்லது."

சொல்லிவிட்டு மூச்சை இழுத்து மூன்றாம் தடவை கூப்பிட்டார். சாலைக்கு அந்தப் பக்கம் டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான். செல்லச்சாமி செருப்பைத் தேடாமலே இறங்கி, அரை ஓட்டமாக உள்ளே வந்தார். நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு நின்றார். அன்றைய விசாரணை முடியும்வரை நின்றுகொண்டேதான் இருந்தார். மத்தியானம் வாய்க்காலைத் திறக்க இடைக்கால உத்தரவானது.

சாயங்காலம் பண்ணை ஆட்கள் கூத்தையாவின் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். அவர் மனைவி ராக்கு சட்டிபானைகளை உலகம்மாளின் வயல்மேட்டில் இறக்கி வைத்தாள். ஒரு அய்யா சேர்த்துக் கூப்பிட்டிருந்தால் வாய் கோணியா போயிருக்கும் என்று கேட்டாள். கூத்தையா கம்பு ஊன்றக் குழி தோண்டினார்.

"அந்த முன்சீப்ப மாத்திட்டா என்ன செய்யப் போறிய?"

"முன்சீப்ப மாத்தலாம்" என்றார் கூத்தையா. "செல்லச்சாமி பேர மாத்த முடியாதுல்ல. அடுத்த வாய்தாவுக்கும் அதே பேரச் சொல்லித்தேன் கூப்பிடுவேன்."