வெள்ளை வேன்கள் கண்ணாடியான ஆண்டு

இரண்டாயிரத்தாறாம் ஆண்டு, சித்திரைப் புத்தாண்டு கழிந்த கிழமை, வெள்ளவத்தையில், உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய இஞ்சினியர் இராசரத்தினத்தின் கார் தேக்கு மரமாக மாறியது. கதவு, பொனட், கூரை எல்லாம் தேக்கு. இஞ்சின் மட்டும் இரும்பாகவே இருந்தபடியால் கார் வழமைபோல ஓடியது. அவருடைய மனைவி அதற்குத் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்தார். சோதனைச்சாவடியில் நின்ற சிப்பாய் பொனட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துப் போகச் சொன்னான். அந்தக் கிழமை நெத்தலி விலை ஏறியதைப் பற்றிக் கதைத்த அளவுக்குக்கூட ஒருவரும் இதைப் பற்றிக் கதைக்கவில்லை.

காரணம் ஐறீன்தான் என்பது கெதியிலேயே தெரிந்துவிட்டது. ஐறீன் கொட்டாஞ்சேனைக்காரி, முப்பதைத் தாண்டியவள், தாய் தகப்பன் போனபின் தம்பி நோபேட்டைத் தானே ஆளாக்கியவள். காலி வீதியில் பாலசுந்தரத்தின் ஸ்டூடியோவில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து, கார் விற்பனை விளம்பரங்களுக்கு வரும் படங்களைத் திருத்துவது அவளுடைய வேலை. கீறலை மறைப்பாள், சேற்றைக் கழுவுவாள், பின்னால் நின்ற நாயை எடுத்துவிடுவாள். மத்தியானத்தில் ஆள் வராத வேளைகளில், வேறு பொருள்களின் தோலை எடுத்துக் காருக்குப் போர்த்திப் பார்ப்பாள். அலுமாரிக் கதவு, ஈர மணல், கோயில் தூண், மாம்பழத் தோல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அவளே கிட்டப் போய்ப் படமெடுத்து வைத்திருந்தாள். அதைக் காரின் படத்துக்கு மேலே சேலை மாதிரி விரித்து, வளைவுக்கு வளைத்து, கதவிடுக்கில் வெட்டி, கீழேயிருந்த நிழலும் வெயிலும் ஊடாகத் தெரியும்வரை மெல்லியதாக்குவாள். இரண்டு படத்திலும் வெயில் ஒரே பக்கமிருந்து விழவேண்டும், இல்லாவிட்டால் பொருள் காரோடு ஒட்டாது என்பாள். ஒட்டிவிட்டால், விடியும்போது தெருவில் நின்ற காரும் அப்படியே ஆகியிருக்கும். விளம்பரத்துக்குப் படம் வந்த இராசரத்தினத்தின் கார் அப்படித்தான் தேக்கானது.

அதன்பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கொம்பனித்தெரு மீரா சாஹிப் மகளின் கலியாணத்துக்குத் தன்னுடைய பழைய காரை வெல்வெட்டாக மாற்றிக்கொண்டார். மழைக்காலத்தில் அதைக் காயவைக்கத்தான் சற்றுக் கஷ்டப்பட்டார். நுகேகொடையில் ஒரு முதலாளி கடல் தண்ணீர் கேட்டார். அவருடைய கார் பௌர்ணமி நாட்களில் ஓரங்குலம் உயர்ந்து, நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். அதில் ஏறியவர்கள் இறங்கும்போது உதட்டை நக்கிப் பார்த்து, உப்பு என்றார்கள். சண்டையும் வடக்கில் நடந்துகொண்டே இருந்தது. கொழும்பில் தமிழருக்குப் பொலிஸ் பதிவும் சுற்றிவளைப்பும், வெள்ளை வேனில் வந்து ஆட்களைக் கடத்துவதும் கூடிக்கொண்டே போயின.

அடுத்த ஆண்டு ஐப்பசி மழைக்குள், ஒரு காலைநேரம், துறைமுகத்தில் கிளாக்காக வேலை பார்த்த தம்பி நோபேட்டை ஒரு வெள்ளை வேன் ஏற்றிக்கொண்டு போனது. சாப்பாட்டுப் பார்சல் மட்டும் தெருவில் கிடந்தது. ஐறீன் பொலிசுக்குப் போனாள், பாதிரியாரிடம் போனாள், தெரிந்த சிங்கள ஆட்களிடமெல்லாம் போனாள். எல்லாரும் இரக்கமாகத்தான் கேட்டார்கள். கடைசியில் எதிர்வீட்டு ருக்கியா தன்னுடைய கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து நீட்டினாள். அன்று பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பும்போது வாசலில் வைத்துப் படமெடுத்திருந்தாள். பிள்ளையின் குடைக்குப் பின்னால், மங்கலாக, அந்த வேன் நின்றது. இலக்கத் தகடு தெரியவில்லை.

ஐறீன் அந்தப் படத்தை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய், வேனை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கினாள். துறைமுகத்து நங்கூரச் சங்கிலியின் துருவை அவள் முன்பே எடுத்து வைத்திருந்தாள். அதை வேனின்மேல் விரித்துக்கொண்டிருந்தபோது ஸ்டூடியோவின் மேல்மாடியில் குடியிருந்த நாகேஸ்வரி வந்து பின்னால் நின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து மகனைக் காப்பாற்றவென்று வெள்ளவத்தைக்குக் கூட்டிவந்து, அதே வெள்ளவத்தையில் அதே மாதிரியான வேனுக்குப் பறிகொடுத்தவர்.

“துரு வேண்டாம் பிள்ளை,” என்றார். “ஓடேக்கை உடைஞ்சு கொட்டினால் உள்ளுக்கை இருக்கிற பிள்ளையளுக்கும்தானே காயம். உள்ளுக்கை ஆர் இருக்கினம் எண்டு ஊருக்குத் தெரிஞ்சால் காணும்.”

ஐறீன் துருவை அழித்துவிட்டு, ருக்கியா வீட்டு ஊறுகாய்ப் போத்தலைக் கழுவி வெயிலில் வைத்துப் படமெடுத்தாள். கண்ணாடிதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. கண்ணாடிக்கென்று ஒரு நிறமில்லை. பின்னால் இருப்பதுதான் அதன் நிறம். வேனுக்குள் என்ன இருந்ததென்று படத்தில் இல்லாததால், இருக்கைகளை அவளே கீற வேண்டியிருந்தது. ஆட்களைக் கீற அவள் துணியவில்லை. இருக்கைகளின்மேல் கொஞ்சம் நிழலை மட்டும் விட்டுவைத்தாள்.

படத்தில் இலக்கத் தகடு இல்லாதபடியால் எந்த வேன் என்று தெரியாமல், மறுநாள் காலை கொழும்பிலிருந்த வெள்ளை வேன்கள் எல்லாம் கண்ணாடியாகியிருந்தன. பேக்கரிப் பாண் வேனுக்குள் பாண்கள் ஒன்றையொன்று சாய்ந்து தூங்கின. பள்ளிக்கூட வேன்களில் பிள்ளைகள் ஒருவர் தலைமயிரை ஒருவர் இழுப்பது தெரிந்தது. மீன் வேன்களுக்குள் வெயில் நுழைந்து அறுக்குளாக்களின் முதுகில் நீலமாக மினுங்கியது. மருதானைப் பக்கமாக ஒரு வேன் போனது. அதற்குள், கண்ணைக் கட்டிய மூன்று பேர் குனிந்தபடி இருந்தார்கள். பஸ் தரிப்பில் நின்றவர்கள் சத்தம் போடவில்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான். வேன் ஒழுங்கைக்குள் திரும்பியது. அங்கேயும் வாசல்களில் பெண்கள் நின்று பார்த்தார்கள். சிக்னலில் நின்றபோது பக்கத்து பஸ்சிலிருந்த சனமெல்லாம் ஒரு பக்கம் வந்து பார்த்ததில் பஸ் சரிந்தது. காலை முழுதும் நிழல் தேடி ஓடிய வேன், நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில், வழக்கறிஞர்களும் கிளாக்மாரும் சாப்பிட வெளியே வந்த நேரத்தில் அவர்களுக்கு நடுவே அகப்பட்டு நின்றது. முன்னாலிருந்தவர்கள் இறங்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சனத்துக்குள் நடந்து போய்விட்டார்கள். ஒரு கிளாக் சோற்றுக் கையை உதறிவிட்டு, மற்றக் கையால் கதவைத் திறந்தார்.

அந்த மூவரில் ஒருவனான நோபேட் வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பை பிளேன்டீ குடித்தான். பிறகு, “அக்கா, என்ர பார்சல் என்னாச்சு?” என்று கேட்டான். ஐறீன் அப்போதுதான் அழுதாள்.

அந்த மாதம் வெள்ளவத்தைத் துணிக்கடைகளில் திரைச்சீலைத் துணி நன்றாக விற்பட்டது. வாங்கியவர்கள் யாரென்று கடைக்காரர் கேட்கவில்லை. ஆனால் பாண்காரனும் மீன்காரனும் பள்ளிக்கூட வேன்காரரும் திரை போடவில்லை. ஆகவே திரை போட்ட வேன் எது போனாலும் சனம் நின்று பார்த்தது. அதற்கு முன்னால் பஸ்கள் தாமாகவே பழுதாகின. எல்லா வேன்களும் அகப்பட்டன என்று சொல்ல முடியாது. சில போய்விட்டன.

நாகேஸ்வரி காலையில் குடையோடு வந்து சந்தியில் நிற்பார். வேன் சாரதிகளுக்கு அவர் பழகிவிட்டார். அவருக்குக் கிட்ட வந்ததும் வேகத்தைக் குறைப்பார்கள். அவர் குனிந்து, முன்னிருந்து பின்வரை ஒவ்வொரு இருக்கையாகப் பார்ப்பார். பார்த்து முடித்ததும், போ மகனே என்று கையசைப்பார். வேன் போகும். அடுத்ததும் வந்து நிற்கும்.