சனிக்கிழமை நீதிபதி

பகலெல்லாம் கோர்ட்டில் ஒருவரையொருவர் கடித்துக் குதறிவிட்டு, ராத்திரியானால் ஒரே கட்டிலில் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்துத் தூங்குகிற ஜாதி ஒன்று உண்டு. இல்லினாய் புல்வெளியில் சுற்றுக்கு வரும் வக்கீல்கள்தான் அது. வசந்தத்தில் ஒரு சுற்று, இலை உதிரும் காலத்தில் ஒரு சுற்று. முன்னால் ஜட்ஜின் வண்டி, பின்னால் குதிரைகளில் வக்கீல்கள். ஓர் ஊரில் கோர்ட்டு நடத்தி முடித்து, மூட்டையைக் கட்டி, முழங்கால் சேற்றில் அடுத்த ஊருக்கு. சத்திரத்தில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். மூட்டைப்பூச்சிகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆம்ப்ரோஸ் டில் அந்தக் கூட்டத்தில் பதினைந்து வருஷமாகச் சுற்றுகிறவர். அவரோடு கட்டிலைப் பங்குபோடுகிறவர் அரசு வக்கீல் ஆரின் டாக்கெட். டில் விடுதலை வாங்கிக் கொடுக்கப் பார்க்கிறவர்களை எல்லாம் உள்ளே தள்ளப் பார்க்கிறவர். இருந்தாலும் டில்லுக்கு அவரை விட்டால் வேறு சிநேகிதன் இல்லை.

மார்ச் மாதத்திலிருந்து டில் ஆளே சரியில்லை. அவர் மனைவி லவீனியா காய்ச்சலில் போய்விட்டாள். இவர் அப்போது எங்கோ ஒரு கோர்ட்டில் பன்றித் திருட்டு வழக்கில் வாதாடிக்கொண்டிருந்தார். சேதி வந்து வீடு போய்ச் சேர்ந்தபோது கல்லறை மேட்டு மண் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். பிறகு குதிரைக்குச் சேணம் பூட்டிக்கொண்டு சுற்றில் சேர்ந்துவிட்டார். அழவில்லை, கத்தவில்லை. "என்ன திடம்யா இந்த மனுசனுக்கு!" என்றார்கள். திடமாம்! மரத்துப்போன காலில் முள் குத்தினால் கால் எதற்குக் கத்தப்போகிறது? வைத்ததைத் தின்றார், சொன்ன இடத்தில் படுத்தார், கேட்டதற்கு "ம்" என்றார். கட்சிக்காரர்களின் முகமெல்லாம் அவருக்கு ஒரே முகமாக இருந்தது.

அந்த இலையுதிர் சுற்றில், மில்பரோ ஊர்ச் சத்திரத்தில், சனிக்கிழமை காலையில் ஜட்ஜ் கார்னிக்குக் குளிர் ஜுரம் வந்துவிட்டது. இரண்டாள் கனம் இருக்கிற மனுஷர், கட்டிலே கடகடவென்று ஆடும்படி நடுங்கினார்.

"ஏம்ப்பா டில்," என்றார் போர்வைக்குள்ளிருந்து. "இன்னிக்கு ஒரு நாள் என் நாற்காலியில உக்காந்துடு. சில்லறைக் கேஸுங்கதான். சாயங்காலத்தோட இந்த ஊர்க் கோர்ட்டு முடியுது. திங்கக்கிழம அடுத்த ஊர்ல நாம இருந்தாகணும்."

ஜட்ஜுக்கு முடியாவிட்டால் வக்கீல்களில் ஒருவரை உட்காரவைப்பது அந்தச் சுற்றில் வழக்கம்தான். யாரும் ஆட்சேபிப்பதில்லை. டில்லும் ஆட்சேபிக்கவில்லை. நின்று பேசுவதைவிட உட்கார்ந்து கேட்பது சுலபம் என்பதற்கு மேல் அவர் எதையும் யோசிக்கவில்லை. இந்த ஊரில் தனக்கு ஏதாவது வழக்கு இருக்கிறதா என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பாவி மனுஷன் யோசிக்கவில்லை.

முதல் வழக்கு வேலித் தகராறு. இரண்டாவது, ஒருவன் இன்னொருவனைப் பொய்யன் என்று சொன்னது. மூன்றாவதற்கு ஷெரீப் ஓர் ஆளைக் கூட்டிவந்தார். தாடி நெஞ்சுவரை இறங்கியிருந்தது. இருமிக்கொண்டே வந்தான். நீதிபதி நாற்காலியைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

"ஹார்லன் கட்ஜெல். பெண்குதிரை திருடிய குற்றம்," என்று படித்தார் குமாஸ்தா. "உனக்கு வக்கீல் யாருப்பா?"

"அதோ மேல உக்காந்திருக்காரே, அவருதாங்க!"

கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. டில் அவனையே பார்த்தார். யார் இவன்? இரண்டாவது வரிசையில் சாம்பல் நிறக் குல்லாய் போட்ட ஒரு பெண் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்த பிறகுதான் எல்லாம் ஞாபகம் வந்தது.

ஏப்ரல் மாதம், இதே கோர்ட்டு வாசல் மரத்தடி. இந்தக் கட்ஜெலும் அவன் மனைவி கெசியாவும். ஸ்டௌட் என்ற பண்ணைக்காரரின் குதிரையைக் கட்ஜெல் திருடினான் என்று புகார். "நான் தொடலங்கய்யா. அவரு மகனே அத ஆத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டிட்டுப்போயி வித்துட்டான். படகுக்காரன் மோஸ்பி கண்ணால பாத்திருக்கான்," என்று அவன் அழுதான். படகுத்துறை மில்பரோவிலிருந்து அரை நாள் பயணம். அவனை ஜெயிலில் வைத்துவிட்டு வழக்கை இலையுதிர் காலத்துக்குத் தள்ளி வைத்தாயிற்று. "அந்தத் துறையிலதான் நாங்க ஒவ்வொரு தடவையும் ஆத்தக் கடக்குறோம். வர்றப்ப மோஸ்பிய நானே கையோட கூட்டிட்டு வரேன்," என்று சொன்னது யார்? இதே டில்தான்.

வியாழக்கிழமை அந்தப் படகில்தான் ஆற்றைக் கடந்தார். மோஸ்பி துடுப்பைத் தள்ளிக்கொண்டே இவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். இவர் தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு அக்கரை வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார்.

டாக்கெட் மேஜையருகே வந்து குனிந்தார்.

"யோவ், இது உன் கேஸா? நீ இத இந்த ஊரு வக்கீல் டோக் கிட்ட தள்ளிவிட்டுட்டேன்னுல்ல நெனச்சேன்."

"என் கேஸ்தான்."

"மறந்துட்டியா?"

"ம்."

"நாசமாப் போச்சு, போ."

டில் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கட்ஜெல், இந்த நாற்காலியில இருந்துக்கிட்டு உனக்காக நான் பேச முடியாது. கேஸ வசந்தத்துக்குத் தள்ளி வைக்கட்டுமா?"

"அதுவரைக்கும் நான் எங்கங்க இருப்பேன்?"

"உள்ளதான்."

"ஐயோ, வேண்டாங்கய்யா! பனிக்காலத்த அந்த ஜெயில் குழிக்குள்ள இந்த நெஞ்சு தாங்காது. அதான் நீங்களே மேல உக்காந்திருக்கீங்களே. இன்னிக்கே முடிச்சு விட்டுருங்க." சொல்லிவிட்டு அவரைப் பார்த்துக் கண்ணை வேறு சிமிட்டினான். குற்றவாளியா இல்லையா என்று சொல்வதும், எத்தனை வருஷம் என்று சொல்வதும் ஜூரிகள் என்பது அவனுக்கு எங்கே தெரியும்? நாற்காலியில் இருப்பவர் நம்மவர், அவ்வளவுதான் அவனுக்கு.

உள்ளூர் வக்கீல் டோக்கைக் கட்ஜெலுக்காகப் பேசச் சொன்னார் டில். டோக் ஒரு வெற்றுவேட்டு. சுதந்திரத்தைப் பற்றியும் ஏழையின் வியர்வையைப் பற்றியும் கை வீசிக் கை வீசிப் பேசினார். படகைப் பற்றி அவருக்கு ஒரு வார்த்தை தெரியாது. அவருக்குச் சொல்ல வேண்டியவர் மேலே உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே குதிரைகள் வாலை வீசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டௌட் சாட்சி சொன்னார். அவர் மகன் தரையைப் பார்த்தபடி சாட்சி சொன்னான். ஜூரிகள் உள்ளே போய், ஒரு தடவை புகையிலை மெல்லும் நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்கள்.

"குற்றவாளி. மூணு வருஷம்."

கட்ஜெலின் முகம் வாடவே இல்லை. மனைவியின் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பொறு, இனிமேதான் அய்யா பேசுவாரு," என்றான்.

டாக்கெட் மறுபடி மேஜைக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்தா பாரு ஆம்ப்ரோஸ். அந்த ஸ்டௌட் மகன் சொன்னது எனக்கே ஒட்டல. மறு விசாரணைன்னு நீ உத்தரவு போடு, நான் வாயே தொறக்க மாட்டேன். இந்தத் தடவை ஜாமீனுக்கும் நான் தடை சொல்லல, வீட்டுக்குப் போகட்டும், வசந்தத்துல பாத்துக்கலாம். ஆனா ஏன்னு ஒரு காரணம் நீதான் சொல்லணும்."

காரணம் நாக்கு நுனியில்தான் இருந்தது. சாட்சியைக் கூட்டிவருகிறேன் என்று சொன்னேன், அவன் படகிலேயே வந்தேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவ்வளவுதான். அதைச் சொன்னால் இந்த ஜில்லாவில் ஒரு நாய்கூட இனி அவரிடம் வழக்குக் கொடுக்காது. ஆனால் அந்தப் பயம்கூட அவருக்கு வரவில்லை, அதுதான் கொடுமை. பயந்திருந்தால்கூட மனுஷன் என்று சொல்லலாம். மார்ச்சிலிருந்து எல்லாம் எப்படி அவர் முன்னால் கடந்து போனதோ அப்படியே இதுவும் போனது. பதினைந்து வருஷமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய வாசகம் வாயில் தானாக வந்தது. "மூன்று வருஷம், ஆல்டன் சிறையில், கடுங்காவல்," என்றார். அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார்.

சாயங்காலம் கோர்ட்டு கலைந்தது. டில் படியிறங்கினபோது கெசியா காத்துக்கொண்டிருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தார். திட்டட்டும் என்று நின்றார்.

"ரொம்பப் புண்ணியமாப் போச்சுங்கய்யா," என்றாள். "பத்து வருஷம் போட்டுருவாங்கன்னு ஊரே சொல்லிச்சு. நீங்க மேல இருக்கப்போயி மூணோட நின்னுச்சு. அவரும் அதத்தான் சொல்றாரு. உங்களுக்குத் தர எங்கிட்ட ஒண்ணுமில்ல." ஒரு துணிமூட்டையை அவர் கையில் வைத்தாள். உலர்ந்த ஆப்பிள் வைத்துச் சுட்ட ரொட்டி. அவள் மடிச் சூட்டில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"மூணு வருஷம்னு சொன்னது ஜூரிங்கம்மா. நான் ஒண்ணும் பண்ணல."

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க."

"இல்லம்மா. அந்தப் படகுக்காரன்..."

"ஆமாங்கய்யா, மோஸ்பி அண்ணன நேத்து ஆத்தக் கடக்கறப்ப பாத்தேனே. 'வக்கீலய்யா என் படகுலதான் போனாரு, எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலையே, நானும் உங்கூட வரட்டுமா'ன்னு கேட்டாரு. படகக் கட்டிப்போட்டுட்டு கோட்டுகூட மாட்டிட்டாரு. நான்தான் வேண்டாம்னுட்டேன். அய்யா கேக்கலன்னா அதுல ஏதோ கணக்கு இருக்கும், நாம ஊடால பூந்து கெடுத்துறக் கூடாதுன்னு. இன்னிக்கு உங்கள அந்த நாற்காலியில பாத்தப்பதான் எனக்கு வெளங்குச்சு, ஓ, இதான் கணக்கான்னு."

கோட்டு மாட்டிக்கொண்டு கரையில் நின்ற மோஸ்பி டில்லின் கண்ணுக்குத் தெரிந்தான். வேண்டாம் அண்ணே என்று இவள் சொல்வதும் காதில் விழுந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவருக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது.

"கணக்கு ஒண்ணுமில்லம்மா," என்றார். "மறந்துட்டேன்."

"எத மறந்தீங்க?"

"உன் புருசன. அந்தப் படகுக்காரன. எல்லாத்தையும். இந்த ஊர்ல உங்க கேஸ் இருக்குன்னே எனக்கு ஞாபகமில்ல. மறு விசாரணைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்நேரம் அவன் உங்கூட வீட்டுக்கு வந்துகிட்டிருப்பான். அதையும் நான் சொல்லல. கோர்ட்டு முடிஞ்சுபோச்சு, இனி சொல்லவும் முடியாது."

கெசியா கையை நீட்டி மூட்டையை வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை, மெதுவாகத்தான் வாங்கினாள்.

"இத அவருக்குக் குடுக்கணும்," என்றாள். "காலையில கூட்டிட்டுப் போயிருவாங்களாம்."

இரண்டடி நடந்தவள் நின்றாள். "நீங்களும் வாங்க. இத நான் போயி அவருகிட்ட எப்படிச் சொல்லுவேன்? உங்க வாயால நீங்களே சொல்லுங்க."

சத்திர வாசலிலிருந்து டாக்கெட் கத்தினார். "ஆம்ப்ரோஸ்! சோறு ஆறுதுய்யா, வா!" டில் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பின்னாலேயே போனார். ஷெரீப் ஜெயில் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே மரப்பலகையில் உட்கார்ந்திருந்த ஹார்லன் கட்ஜெல், வருவது யார் என்று பார்த்ததும் அவசரமாக எழுந்தான். தன் கம்பளியை எடுத்து மடித்துப் பலகையில் போட்டான்.

"அய்யா, நீங்களா! இங்கெல்லாம் வந்துகிட்டு... உக்காருங்கய்யா, உக்காருங்க," என்றான்.