பேச்சு வந்துசேரும் நாள்

தெற்குச் சீமையில் ஒரு பல்கலைக்கழகம் உண்டு. அங்கே நீளமேஜை போட்ட அறைகளில் பெண்கள் பேசினால் உடனே கேட்காது. பேராசிரியை என்றால் ஒரு நாள், விரிவுரையாளர் என்றால் இரண்டு நாள், ஆராய்ச்சி மாணவி என்றால் மூன்று நாள் கழித்து, பேசிய அதே மணிக்கு, பேசிய அதே இடத்தில் கேட்கும். அதுவரை பேசியவருக்கே கேட்காது. வராந்தாவிலும் கேன்டீனிலும் விடுதியிலும் இந்தச் சிக்கல் இல்லை. ஆண்கள் பேசுவது எந்த மேஜையிலும் உடனே கேட்டது.

இதைக் கவனிக்கத்தான் மகளிர் சமத்துவ மையம் இருந்தது. யாருடைய பேச்சு எத்தனை நாளில் வரும் என்று அட்டவணை போட்டு எல்லாத் துறைகளிலும் ஒட்டியிருந்தார்கள். முன்கூட்டியே வந்து பேசிவைக்க விரும்புகிறவர்களுக்குப் படிவம் கொடுத்தார்கள். அந்த ஆண்டு அறிக்கையில், தாமதம் குறையவில்லை என்றாலும் முன்னெப்போதையும்விடத் துல்லியமாக அளக்கப்பட்டிருக்கிறது என்று எழுதி, துணைவேந்தரிடம் பாராட்டும் வாங்கினார்கள். அவசரமென்றால் சில பெண்கள் தங்கள் பேச்சை ஆண் சகாக்களிடம் கொடுத்துப் பேசச் சொல்வார்கள். அது உடனே கேட்கும். ஆனால் திரும்பக் கிடைக்காது.

அன்னக்கொடிக்கு நான்கு நாள். அவள் வீட்டில் அவளுக்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழ் அவளுக்குக் கட்டணத்தில் சலுகை வாங்கிக் கொடுத்தது. தாமதத்தில் ஒரு நாளைச் சேர்த்தது. அந்த ஒரு நாள் மையத்தின் கீழ் வராது, மாடியிலிருந்த பன்முகத்தன்மைக் குழுவின் கீழ் வரும்.

ஆறு வருஷ ஆராய்ச்சிக்கு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வாய்மொழித் தேர்வு. அடுத்த செவ்வாயோடு பதிவுக்காலம் முடிகிறது. அதற்குள் தேர்வு நடக்கவில்லை என்றால் பட்டம் இல்லை. ஆகவே திங்கட்கிழமை பதினோரு மணிக்கே பதில்களைப் பேசிவைக்க வேண்டும். அவள் படிவத்தை இரண்டு முறை சரிபார்த்து, மூன்றாம் முறையும் பார்த்துவிட்டு மையத்தின் ஒருங்கிணைப்பாளரான பேராசிரியை ஹெப்சிபா மேடத்திடம் நீட்டினாள்.

"மூணு நாளைக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்," என்றார் அவர். "நாலாவது நாளுக்கு மாடிக்குப் போ. அது எங்க ஏரியா இல்லம்மா."

மாடியில் காசிவிசுவம் சார் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மொத மூணு நாள் பெண்கள் பிரச்சினை. அது முடிஞ்ச பிறகுதான எங்க நாள் ஆரம்பிக்குது? முடிஞ்சதும் வாங்களேன்."

"முடிஞ்சா தேர்வே முடிஞ்சிரும் சார்."

அவர் யோசித்தார். பிறகு, விதிவிலக்காக, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கேள்விகளைப் பற்றிக் கவலையில்லை. "எல்லா வைவாவுலயும் அதே அஞ்சு கேள்விதாம்மா," என்று நெறியாளர் தங்கப்பழம் சார் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை அன்னக்கொடி, தேர்வு நடக்கவிருந்த மன்றக்கூடத்து நீளமேஜையின் கோடியில் உட்கார்ந்து, கைப்பேசியில் நேரம் பார்த்து, கேள்விக்கு இரண்டு நிமிஷம் இடைவெளி விட்டு, காலி நாற்காலிகளைப் பார்த்து உதட்டை அசைத்தாள். மண்ணில் உப்பு ஏறி இறுகியதைச் சொன்னாள். இரவில் நிலத்தில் ஆடுகளை அடைத்துக் கிடை போட்டு அதைச் சரிசெய்த விதத்தைச் சொன்னாள். எதிரே ராஜாமணி அக்கா பரிசோதகர் மாதிரி டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ராஜாமணி அக்கா மையத்தின் தற்காலிக உதவியாளர். பத்தொன்பது வருஷமாகத் தற்காலிகம். காலி அறைகளில் உட்கார்ந்து, வந்துசேருகிற பேச்சுகளைப் பதிவேட்டில் எழுதுவது அவள் வேலை. அவளுடைய பேச்சு எத்தனை நாளில் வரும் என்று யாரும் அளந்ததில்லை. அட்டவணையில் அவளுக்கு வரிசை கிடையாது.

வியாழக்கிழமை மகளிர் தின விழாவுக்கு மன்றத்தை அலங்கரிக்க ஆராய்ச்சி மாணவிகளை வரச்சொன்னார்கள். மறுநாள் தன் தேர்வு முடிந்த பிறகுதான் விழா என்று நினைத்து அன்னக்கொடி போனாள். பத்தே முக்காலுக்கு ஹெப்சிபா மேடம் காலி நாற்காலிகளைப் பார்த்து வரவேற்புரை ஆற்றிவிட்டுப் போனார். பதினோரு மணிக்கு அன்னக்கொடி ஏணியில் ஏறினாள். உயரம் என்றால் அவளுக்குப் பயம். பயந்தால் வாய் ஓயாது. கேட்காது என்று தெரிந்தும், ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ராஜாமணி அக்காவிடம் இருபது நிமிஷம் பேசிக்கொண்டே தோரணம் கட்டினாள். பலூன் தொங்கவிட்டாள். பேனரில் பன்னிரண்டு ஆண்கள் கைகூப்பிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது ஆள் தங்கப்பழம் சார். பதினொன்று இருபதுக்கு அவர் முகம் அவள் முகத்துக்கு நேராக வந்தது. அவரைப் பற்றியும் நான்கு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கினாள்.

பன்னிரண்டு மணிக்கு வராந்தாவில் தங்கப்பழம் சார் அவளைப் பார்த்தார்.

"ஏம்மா அன்னக்கொடி, நாளைக்கு வைவா இல்ல. திங்கட்கிழமை அதே பதினோரு மணி. விழாவுக்கு மன்றம் வேணுமாம்."

"சார், நான் பேசி வச்சுட்டேனே. திங்கட்கிழமைக்குன்னா இன்னைக்குப் பதினோரு மணிக்குப் பேசியிருக்கணும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணி நேரம் லேட்டாயிட்டியேம்மா. பெண்களுக்கான விழா, நீயே குறுக்க நிக்கலாமா?"

சின்ன மேஜையில் நடத்தலாமா என்று கேட்டாள். நீளமேஜையில்தான் நடத்த வேண்டும் என்பது விதி. எழுதிக் காட்டலாமா என்று கேட்டாள். வாய்மொழித் தேர்வு என்பதால் அதற்கும் இடமில்லை.

கேன்டீனில் ராஜாமணி அக்கா கேட்டாள். "இன்னைக்கு ஏணில நின்னுக்கிட்டு என்னதான் சொன்ன பிள்ள? ஒரே வாயாட்டம்."

அன்னக்கொடி ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்த்தாள். பதினொன்று இருபது நினைவுக்கு வந்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விழா நன்றாக நடந்தது. சிறப்பு விருந்தினர் ஓர் ஓய்வுபெற்ற அதிகாரி. அவருக்குப் போட்டிருந்தது அன்னக்கொடி திங்கட்கிழமை உட்கார்ந்த அதே நாற்காலி. அவர் எழுந்து மைக் முன்னால் போய், "பெண் முன்னேற்றத்துக்குத் தடையாக இருப்பது எது?" என்று அவையைக் கேட்டார்.

"உப்பு, ஐயா," என்றது காலி நாற்காலி. "மேலே படிந்து இறுகிவிட்டது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே இறங்காது."

கைதட்டினார்கள். விருந்தினர் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். "அப்படியானால் தீர்வு என்ன?"

"ஏக்கருக்கு இருநூறு ஆடு. மூன்று இரவு கிடை போட்டால் போதும்."

துணைவேந்தர் மேடையிலேயே இருநூறு ஆடுகளை அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் விளையாட்டு மைதானத்தில் வேலி அடித்தார்கள். விருந்தினரின் பேச்சு என்று பத்திரிகையில் வந்தது.

திங்கட்கிழமை பதினோரு மணி. வெளியூர்ப் பரிசோதகர் வயதானவர், பொறுமைசாலி. ஒரு பக்கம் தங்கப்பழம் சார். ராஜாமணி அக்கா டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். அன்னக்கொடி எல்லாக் கேள்விகளுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாள். அது வெள்ளிக்கிழமை கேட்கும். அன்றைக்குக் கேட்டது வேறு. குரல் மின்விசிறிக்குப் பக்கத்திலிருந்து வந்ததால் பரிசோதகர் அண்ணாந்துகொண்டார்.

"இதுவரை வந்த ஆய்வுகளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?"

"எல்லாம் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. அவுத்துட்டு மொதல்ல இருந்து கட்டணும்."

"துணிச்சல்தான்," என்று பரிசோதகர் எழுதிக்கொண்டார். "இன்னும் என்ன தேவைப்படும்?"

"நாலு பலூன் கெடைச்சா போதும்."

"மேலேயிருந்து மண்ணைப் படமெடுக்க, சார்," என்றார் தங்கப்பழம் சார். பரிசோதகர் அதையும் எழுதிக்கொண்டார்.

மணி பதினொன்று பத்தொன்பது. ஆறு வருஷமும் ஒரு நிமிஷத்துக்குள் போய் உட்கார்ந்திருந்தது. அன்னக்கொடி ராஜாமணி அக்காவைப் பார்த்தாள். அக்கா டீயைத் தங்கப்பழம் சாரின் மடியில் கொட்டலாமா என்று சைகையில் கேட்டாள். அன்னக்கொடி வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"கடைசிக் கேள்வி," என்றார் பரிசோதகர். "இந்த ஆய்வில் உங்கள் பங்கு என்ன?"

"ஆறு வருஷம் வெயில்ல மண்ணைத் தோண்டினது நான்," என்றது குரல். "ஆட்டுக்குப் பின்னாலயே அலைஞ்சது நான். கட்டுரையில மொதல் பேரு அவரு. அந்த நெலம் எந்தத் திசையில இருக்குன்னாவது அவருக்குத் தெரியுமாக்கா?"

பரிசோதகர் பேனாவை மூடிவைத்துவிட்டு நெறியாளரைப் பார்த்தார். தங்கப்பழம் சார் எழுந்து நின்று பதில் சொன்னார். வாய் அசைந்தது. கை மேஜையைத் தட்டியது. ஒரு சத்தமும் வரவில்லை. இரண்டு நிமிஷம் போல் பேசினார். பரிசோதகர் மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, நெறியாளருக்கு மறுப்பில்லை, பட்டம் வழங்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். ராஜாமணி அக்கா பதிவேட்டில் மணியைக் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் தங்கப்பழம் சார் மையத்துக்கு வந்து படிவம் வாங்கிப்போனார். அவருக்கு எத்தனை நாள் என்று தெரியாததால் ஹெப்சிபா மேடம் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார்.

வெள்ளிக்கிழமை அன்னக்கொடி மன்றத்துக்குப் போனாள். பரிசோதகரிடம் சொன்ன பதில்களை ஒருமுறையாவது கேட்டுப் பார்க்க ஆசை. ராஜாமணி அக்கா பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தாள், தங்கப்பழம் சாரின் மறுப்பு வந்தால் எழுத வேண்டும் என்று. வெளியே மைதானத்தில் ஆடுகள் கத்தின. கிடாயும் பெட்டையும் கத்தியது உடனுக்குடனே கேட்டது.

பதினோரு மணிக்கு அன்னக்கொடியின் பதில்கள் வந்தன. நல்ல பதில்கள். பதினொன்று இருபது தாண்டியும் தங்கப்பழம் சாரின் மறுப்பு வரவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு வாசல் பக்கமிருந்து ஓர் இளம்பெண்ணின் குரல் கேட்டது.

"ஐயா, வேலைக்கு வரச்சொன்னாவ. உள்ள வரலாமா?"

வாசலில் யாரும் இல்லை. ராஜாமணி அக்கா பதிவேட்டைத் திருப்பி, பெயர் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். தாமதம் என்ற கட்டத்தில் பத்தொன்பது வருஷம் என்று எழுதினாள். பேனாவை மூடினாள்.

அன்னக்கொடி எழுந்து நின்று, வாசலைப் பார்த்து, "வாங்க," என்றாள்.

பட்டம் இன்னும் கைக்கு வராததால் அது செவ்வாய்க்கிழமை கேட்கும்.