மூன்றாவது குழாய்

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரோடு வந்த பெண்மணிதான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். உள்ளூர் வானொலியில் நிகழ்ச்சித் தயாரிப்பாளர். பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டுச் சாவகாசமாகக் கேட்டார்: "நீங்க நம்ம ‘விசித்திர அலமாரி’ நிகழ்ச்சி சாரோட மச்சினிச்சியாமே? மைக்கைக் கண்டாலே உங்களுக்கு நாக்கு ஒட்டிக்கும்னு சொன்னாரு. பாவம்மா. உங்க விண்ணப்பத்தைப் படிச்சிட்டு நாங்க எவ்வளவு ஆசையா கூப்பிட்டோம் தெரியுமா?"

வீட்டில் எல்லோரும் சின்னவள் என்று கூப்பிடும் அந்த வேதியியலாளர், பாட்டிலில் சீட்டை ஒட்டினாள். "நாளன்னிக்கு ரிசல்ட் வந்துரும் மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

அறிவியல் புனைகதை, விசித்திர நாவல்கள் பற்றிச் சனிக்கிழமை காலையில் அரை மணி நேரம் பேச ஆள் தேவை என்று வானொலியில் அறிவித்தபோது முதல் ஆளாக விண்ணப்பம் போட்டவள் அவள். பதிலே வரவில்லை என்றுதான் இத்தனை மாதமாக நினைத்திருந்தாள். பதில் வந்திருக்கிறது. வீட்டு ஃபோனை எடுத்தவர் அத்தான், அக்காவின் கணவர்; அவளுக்குப் பேச வராது என்று சொல்லிவிட்டு அந்த இடத்தில் தானே போய் உட்கார்ந்துவிட்டார்.

அத்தானுக்குத் தரை ஓடு விற்கும் கடை. கடைக்குப் போகிற வழியில் தினமும் மச்சினியைக் காரில் இறக்கிவிடுவார். அந்தப் பயணத்தில் அவள் முந்தைய நாள் படித்ததைச் சொல்லிக்கொண்டு வருவாள். ஒரு கிரகமே உறங்கிப்போகும் நாவலைப் பற்றி, "படிக்கப் படிக்க எனக்குத் தூக்கம் வரல அத்தான், யாரோ என்னை எண்ணிக்கிட்டு இருக்கற மாதிரி பயம்தான் வந்துச்சு" என்று செவ்வாய்க்கிழமை சொல்லியிருப்பாள். சனிக்கிழமை அது ஒரு எழுத்து பிசகாமல் அவர் குரலில் வானொலியில் வரும். நம் வீட்டு மனுஷர்தானே, பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவைத்திருந்தாள். வாய்ப்பு தானாக அவரைத் தேடி வந்ததாக நம்பியிருந்ததால் வந்த பெருந்தன்மை அது. இப்போது பழைய சனிக்கிழமைகள் ஒவ்வொன்றும் முள்ளாகத் திரும்பி வந்து குத்தின.

சண்டை போட்டிருக்கலாம். ஆனால் பியூரெட் கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் கணத்துக்காகக் காத்திருந்து பழகிய கை அவளுடையது. மறுநாள் காலை சீட்பெல்ட்டைப் போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அத்தான், ஒரு நாவல் கிடைச்சிருக்கு. ‘மூன்றாவது குழாய்’. எழுதினவர் யாரோ பனிநாட்டு ஆளு, பேர் வாயில நுழையல."

"ஓ, அந்தாளா!" என்றார் அத்தான்.

இல்லாத ஆளை அவருக்குத் தெரிந்திருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை விழுங்கினாள்.

அந்த வாரம் முழுக்கக் காரிலேயே நாவலைக் கட்டினாள். ஓர் ஊர். அங்கே குடிநீருக்கு ஞாபகசக்தி உண்டு. ஒருவர் குடித்து மிச்சம் வைத்த தண்ணீரை அடுத்தவர் குடித்தால், முதலாமவரின் நினைவு ஒன்று இவருக்குள் இறங்கிவிடும். ஊர்க்கோடியில் மூன்றாவதாக ஒரு குழாய். அதில் வரும் தண்ணீரில் மட்டும் யாருடைய நினைவும் இல்லை. அதைக் குடிக்கவே ஊர் நடுங்குகிறது. சொல்லச் சொல்ல அவளுக்கே உடல் சிலிர்த்தது. கதை நன்றாக வருவதில் ஒரு சந்தோஷம், அதையும் இந்த மனுஷன் வாயில்தானே ஊற்றுகிறோம் என்று ஒரு எரிச்சல்.

"முடிவு என்ன?" என்று வெள்ளிக்கிழமை கேட்டார் அத்தான்.

"இன்னும் முடிக்கல."

"பரவால்ல. முடிவை எப்படியும் வெளியில சொல்லக்கூடாது."

சனிக்கிழமை அவளுக்குப் பணி நாள். குளோரின் நெடியடிக்கும் கூடத்தில் ரேடியோவை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்து அறையிலிருந்து பம்ப் இயக்கும் அண்ணனும் அவள் போட்டுக்கொடுத்த டீக்குவளையோடு வந்து சேர்ந்தார்.

அத்தான் அமர்க்களப்படுத்தினார். "இந்த நாவலை நான் ரெண்டு தடவை வாசிச்சேன். கடைசிப் பக்கம் வந்தப்போ கண்ணு கலங்கி, காரை ஓரமா நிறுத்திட்டேன்."

"கார் ஓட்டிக்கிட்டேவா படிச்சாரு?" என்றார் பம்ப் அண்ணன்.

இனி நேயர் அழைப்புகள். புத்தகம் எங்கே கிடைக்கும் என்று முதல் ஆள் கேட்பார், அத்தான் திணறுவார். அதுதான் அவள் போட்ட கணக்கு. முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்.

"நான் இதைப் போன வருஷமே படிச்சிட்டேன் சார். மொழிபெயர்ப்புல பாதி உயிர் போயிடுச்சு. மூலத்தைப் படிக்கணும்."

சின்னவள் ரேடியோவையே வெறித்தாள். அடுத்து ஒரு பல் மருத்துவர். "இவரோட முதல் நாவல் இதைவிடப் பிரமாதம். ஆனா அதையெல்லாம் யார் படிக்கிறா?" அதற்கும் அடுத்தவர், நாவலின் பிற்பாதி இழுவை என்றார்.

"கரெக்டா சொன்னீங்க. பிற்பாதி கொஞ்சம் இழுவைதான்" என்று ஒத்துக்கொண்டார் அத்தான்.

அவள் பிற்பாதியை யோசிக்கவே இல்லை. வெட்டிய குழியைச் சுற்றி ஊரே பாய் விரித்து உட்கார்ந்துவிட்டது; விழவேண்டியவர் நடுவில் மாலையோடு இருந்தார். முகம் சுட்டது. ஃபோனை எடுத்தாள். விடாமல் அடித்து, ஒருவழியாக இணைப்புக் கிடைத்தது.

"வணக்கம் அத்தான். உங்க மச்சினிச்சி பேசறேன்."

"அடடே, நம்ம வீட்டுப் பொண்ணு! சொல்லும்மா." குரலில் லேசாக ஒரு தடுக்கல்.

"எல்லாரும் படிச்சிருக்காங்க, சந்தோஷம். மூணாவது குழாயைக் கடைசியில யார் திறக்கறாங்க?"

"அது... முடிவைச் சொன்னா படிக்கறவங்களுக்குச் சுவாரஸ்யம் போயிடுமேம்மா."

"அப்ப நானே சொல்லிடறேன். அந்த ஊர்ல ஒருத்தர் இருக்காரு. ஜன்மத்துல சொந்தமா ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடிச்சதில்ல. அடுத்தவங்க மிச்சத்தையே குடிச்சு, அவங்க ஞாபகத்தையெல்லாம் தன் ஞாபகம்னு சந்தையில பேசிப் பேர் வாங்கறாரு. ஒருநாள் ஒரு பொண்ணு வெறும் டம்ளரை நீட்டறா. அதையும் வாங்கி அண்ணாந்து குடிச்சிட்டு, வாயைத் துடைச்சுக்கிட்டு, தித்திப்புங்கறாரு. அந்தப் புத்தகமே கிடையாது அத்தான். உங்க கார்ல உட்கார்ந்து நான் கட்டினது. இதுக்கு முந்தின வாரங்கள்ல நீங்க பேசின புத்தகமெல்லாம் நிஜம், படிச்சது நான். எனக்கு மைக்கைக் கண்டா நாக்கு ஒட்டிக்குமாமே? ஒட்டுதா?"

வானொலியில் உடனே சோப்பு விளம்பரம் வந்தது.

பம்ப் அண்ணன் குவளையைக் கீழே வைத்தார். "அடுத்த தடவை உங்க டீயை நான் போடறேம்மா. எதுக்கு வம்பு."

அக்காதான் முதலில் அழைத்தாள். "ஏண்டி, வீட்டுக்குள்ள பேசித் தீர்த்திருக்கக் கூடாதா? நாலு பேர் முன்னாடி இப்படியா?"

"நாலு பேர் முன்னாடிதானே அக்கா என் பேச்சை எடுத்தாரு. அங்கயேதான் திருப்பிக் கேட்டேன்."

மாலையில் தயாரிப்பாளர் அழைத்தார். கல்லூரி ஆசிரியர் கோபமாகப் பேசினாராம். மற்றபடி, இவ்வளவு அழைப்பு எந்த நிகழ்ச்சிக்கும் வந்ததில்லையாம். "அடுத்த சனிக்கிழமையிலிருந்து நீங்க வந்துடுங்க. அவரை நிறுத்திடறேன்."

"நிறுத்தாதீங்க மேடம்" என்றாள் சின்னவள். "அவரும் வரட்டும். வாராவாரம் ஒரு புத்தகம் நான் சிபாரிசு பண்றேன். அவர் படிச்சிட்டு வந்து என் எதிர்ல உட்காரட்டும். நான் கேள்வி கேக்கறேன். முடியாதுன்னா, ஏன் முடியாதுன்னு அவரே நேயர்களுக்குச் சொல்லிட்டுப் போகட்டும்."

மறுமுனையில் தயாரிப்பாளர் சிரித்தே விட்டார்.

அத்தானால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. கடைக்கு வருகிறவர்கள் ஓடு பார்க்கிற சாக்கில் டம்ளரைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்திருந்தார்கள். சின்னவள் தன் அலமாரியின் முன் வெகுநேரம் நின்று தேர்ந்தெடுத்தாள். செங்கல் கனத்தில் ஒரு நாவல். அத்தியாயம் கிடையாது, பத்தி கிடையாது, கதை சொல்வது ஒரு பாறைமேல் படர்ந்த பாசி. அவளே இருமுறை பாதியில் கைவிட்டு மூன்றாம் முறை கரையேறியது.

புதன்கிழமை மதியம் அக்கா வீட்டிலிருந்து பரிசோதனைக் கூடத்துக்கு ரகசியக் குரலில் அழைத்தாள். "சாப்பிடாம உட்கார்ந்திருக்காருடி. ஒரே பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கறாரு. பாவமா இருக்கு."

"பாசி பேச ஆரம்பிச்சிடுச்சான்னு கேளு."

அக்கா கேட்டுவிட்டு வந்தாள். "இன்னும் இல்லையாம். பாறையைப் பத்தித்தான் வருதாம்."

"அது முன்னுரைதான், அக்கா" என்றாள் சின்னவள்.