செல்லாத பதினொன்று

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பெரிய பொய் இல்லை. சலூன் நாற்காலியில், கழுத்தில் துணி கட்டி, பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த ஓர் ஆளிடம் சவரக்காரர் கேட்டார்: "நீங்க ஒழுங்காத்தானே குத்துனீங்கண்ணே?"

"பின்னே?" என்றார் அந்த ஆள்.

அந்த ஒரு சொல்லைச் சரிசெய்யத்தான் இத்தனை சொற்களைக் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

எங்கே தொடங்குவது என்று மூன்று நாள் முட்டிக்கொண்டேன். 'அன்று வானம் இருண்டு கிடந்தது' என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அன்று மண்டையைப் பிளக்கும் வெயில். 'மக்களாட்சி என்பது யாதெனில்' என்று எழுதினேன். யாதெனில் என்று எனக்கே தெரியாததால் அதற்கு மேல் பேனா நகரவில்லை. மூன்றாவதாக இதை எழுதினேன்: 'எங்கள் வார்டில் தையல்காரம்மா ஐந்து ஓட்டில் தோற்றார்.'

இது ஆடவில்லை, நிற்கிறது. இதன் மேலேயே கட்டுகிறேன்.

2

தையல்காரம்மாவுக்கு நாற்பது வயது. ஒரே அறைதான் கடை. பகலில் இரண்டு மெஷின் ஓடும். மாலை ஆறு மணிக்கு மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பலகைகளை இழுத்துப் போடுவார். எழுத்து தெரியாத பெரியவர்களுக்கு வகுப்பு. இரண்டு வருஷமாக இருபத்துமூன்று பேர் வருகிறோம். (வருகிறார்கள் என்று இருக்க வேண்டும். பின்னால் திருத்துகிறேன்.) முதல் நாளே ஆளுக்கு ஒரு பேனா கொடுத்தார். "சட்டைப் பையில பேனா இருந்தா, எதிர்ல நிக்கிறவன் கொஞ்சம் யோசிச்சுத்தான் பேசுவான்" என்றார்.

அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம் ஒன்று உண்டு. இந்தக் கதை என்கிற கட்டடத்தின் கடைக்கால் அது, கவனமாகப் படியுங்கள். "எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் முதல்ல படிங்க. படிச்சுட்டு அடியில கையெழுத்துப் போடுங்க. கையெழுத்து இல்லாத காகிதம் செல்லாது."

இனி நம்ம ஆள். கட்டட வேலையில் சிமெண்ட் குழைக்கிறவர், ஐம்பதைத் தாண்டியவர். கலவைக்காரர் என்றே வைத்துக்கொள்கிறேன். கதாநாயகன் என்று எழுதப் பார்த்தேன். விரலெல்லாம் வெடித்துப்போன கதாநாயகனை யாராவது நம்புவார்களா என்று சந்தேகம் வந்து விட்டுவிட்டேன்.

தையல்காரம்மா வார்டு உறுப்பினர் தேர்தலில் நின்றார். சின்னம் கத்தரிக்கோல். எதிரே லாரிக்காரர், சின்னம் குடம். "கத்தரிக்கோலுக்குப் போட்டா வார்டையே வெட்டிருவாங்க" என்று லாரிக்காரர் ஆட்கள் கிண்டலடித்தார்கள். "அளவெடுக்காம நான் எதையும் வெட்டினதில்ல" என்றார் தையல்காரம்மா. தெருவே சிரித்தது.

3

ஓட்டுப் போட்ட நாள். கலவைக்காரர் வாக்குச்சாவடியில் வரிசையில் நின்றார். அதிகாரி முகத்தைப் பார்க்காமலே மைப்பெட்டியை நகர்த்தினார். "கட்டைவிரலை வைங்க."

"கையெழுத்துப் போடுவேங்க."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். கலவைக்காரர் தன் பேனாவை எடுத்து, பதிவேட்டில் நிதானமாகப் போட்டார். பின்னால் நின்றவர்கள் "அண்ணே, இன்னிக்குள்ள முடிச்சிருவீங்களா?" என்று கேட்டார்கள். ஐம்பது வருஷத்தில் அவரைப் பின்னால் நிற்கவைத்தவர்கள் எத்தனையோ பேர். முதல்முறையாக அவருக்காகப் பத்துப் பேர் காத்து நின்றார்கள்.

அந்தக் களிப்போடு அட்டை மறைப்புக்குள் போனார். வாக்குச்சீட்டை முழுக்கப் படித்தார். எழுத்துக்கூட்டாமல் படித்தார். கத்தரிக்கோலுக்கு நேராக முத்திரையை அழுத்தினார். மை சரியாக விழுந்திருந்தது. மடிக்கப் போனவர் நின்றார். காகிதம் படித்தாயிற்று. அடியில் காலியிடம் இருக்கிறது.

பேனாவை எடுத்தேன்.

(எடுத்தார் என்று மாற்றப் போனேன். கை வரவில்லை. அப்படியே இருக்கட்டும். இனியும் 'அவர்' என்றுதான் எழுதுவேன். வெட்கமாக இருக்கிறது. நீங்கள் கண்டுகொள்ளாத மாதிரி படியுங்கள்.)

4

முடிவு மறுநாள் மத்தியானம் வந்தது. செய்தியைச் சலூனுக்குக் கொண்டுவந்தவர் தையல்காரம்மாவின் தம்பி, பஸ் கண்டக்டர். அக்காவுக்காக எண்ணும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

"லாரி நானூத்திப் பன்னெண்டு, அக்கா நானூத்தி ஏழு" என்றார். "செல்லாதது பதினொண்ணு. பதினொண்ணும் கத்தரிக்கோல்லதான் குத்தியிருக்கு. கீழே முத்து முத்தாக் கையெழுத்து! பேரு தெரிஞ்சா ஓட்டு செல்லாதாம். யார் போட்டதுன்னு தெரியக்கூடாதாம்."

சவரக்காரர் கத்தியைக் காற்றிலேயே நிறுத்திவிட்டார். "அட படிச்ச மேதைங்களா! கைநாட்டுப் பேர்வழிங்க எல்லாம் கரெக்டாக் குத்திட்டுப் போயிருக்கானுங்க." அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியும் அந்தப் பொய்யும். கண்டக்டர் கண்ணாடிக்குள் கலவைக்காரரைப் பார்த்தார். டிக்கெட் வாங்காத பயணியைப் பார்க்கிற பார்வை. ஒன்றும் சொல்லாமல் வெளியேறினார்.

ஏன் சொல்லவில்லை என்பது சாயங்காலம் தெரிந்தது. சலூனுக்கு வருமுன்பே அக்காவிடம் பட்டியலை ஒப்பிக்கப் போயிருக்கிறார். "பேரு சொல்லாதடா" என்று தடுத்துவிட்டாராம். "ஓட்டு ரகசியம். தோத்தவளுக்கும் அது பொருந்தும்." பிறகு இதையும் சொன்னாராம்: "தப்பு அவங்களோடது இல்ல. எங்க போடணும்னு சொன்னேன், எங்க போடக்கூடாதுன்னு சொல்லல. அரைகுறையாச் சொல்லிக்குடுக்கறதுக்கு சும்மா இருக்கலாம். வெள்ளிக்கிழமை எல்லாரையும் வரச்சொல்லு. நோட்டுகளைக் குடுத்து முடிச்சுக்கிறேன்."

வகுப்பே முடிகிறது. பதவி போனதைத் தாங்கிக்கொள்ளலாம், அது ஐந்து வருஷத்தில் திரும்ப வரும்.

5

இந்த இடத்தில் எனக்குக் கலவைக்காரர் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. நேரே போய்ச் சொல்ல வேண்டியதுதானே? இப்படி ஒரு கோழையை வைத்துக்கொண்டு எத்தனை பக்கம் ஓட்டுவது?

வீட்டுக்குப் போனார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். அவரும் அதே வகுப்புதான், முன் பலகை.

"ஒரு விஷயம்" என்றார் கலவைக்காரர். "அந்தப் பதினொண்ணுல..."

மனைவி துணியைக் கீழே வைத்தார். "ஐயையோ, எனக்குத் தெரியாதுங்க. கையெழுத்துப் போடாட்டி செல்லாதுன்னு டீச்சர்தானே சொன்னாங்க."

"நீயுமா?"

"நீங்களுமா!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மனைவிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்க அடக்கப் பீறிட்டது. சிரித்து முடிந்ததும் அழுதார். "ஒரே வீட்லேர்ந்து ரெண்டு. அந்தம்மா முகத்துல எப்படி முழிக்கிறது?"

"நீ சொல்லிரு."

"ஆம்பளை நீங்க சொல்லுங்க."

"முன் பலகைல உக்கார்றவ நீதானே?"

வியாழக்கிழமைவரை இப்படியே போனது.

6

முடிவுகள் சில செய்துபார்த்தேன்.

ஒன்று: மறுபடி எண்ணுகிறார்கள், தையல்காரம்மா ஜெயிக்கிறார். (அந்தப் பதினொன்றும் திரும்ப எண்ணினாலும் செல்லாது. நான் போட்ட கையெழுத்தை நானே அழிப்பதற்கா கதை எழுதுகிறேன்?)

இன்னொன்று: பதவியேற்புக்குச் சட்டை தைக்க லாரிக்காரர் கடைக்கு வருகிறார். டேப்பைக் கழுத்தில் சுற்றியபடியே தையல்காரம்மா, "வகுப்புக்கு ஒரு நல்ல கட்டடம் தருவீங்களா?" என்று கேட்கிறார். டேப் கொஞ்சம் இறுகுகிறது. "தர்றேம்மா, தர்றேன்!" (எனக்கு மிகவும் பிடித்த முடிவு. லாரிக்காரர் ரெடிமேட் சட்டைதான் போடுவார் என்பது ஞாபகம் வந்து கிழித்துவிட்டேன்.)

அடுத்தது: கலவைக்காரர் வெளியூர் வேலைக்குப் போய்விடுகிறார். அவர் மனதில் என்றென்றும் ஒரு... ஒரு... (என்ன இருக்கும்? விட்டேன்.)

ஆகவே நடந்ததைச் சொல்கிறேன்.

7

வெள்ளிக்கிழமை ஆறு மணி. இருபத்துமூன்று பேரும் வந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தையல்காரம்மா நோட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். கண்டக்டர் வாசலில் கைகட்டி நின்றார், பெயர்கள் எல்லாம் தெரிந்த வாயை மூடிக்கொண்டு.

"நீங்க எல்லாரும் நல்லாப் படிச்சீங்க" என்று தொடங்கினார் தையல்காரம்மா. "நான்தான் சரியா..."

"டீச்சர்" என்றார் கலவைக்காரர்.

சொன்னபிறகுதான் எழுந்து நிற்பது அவருக்கே தெரிந்தது.

"என்னண்ணே?"

"அந்தப் பதினொண்ணுல ஒண்ணு என்னோடது." பக்கத்தில் சேலை சரசரத்தது, மனைவியும் எழுந்துவிட்டார். "தப்புதான். ஆனா டீச்சர், அதிகாரி மையை நீட்டினார். வேணாம்னுட்டேன். அந்தச் சீட்டைப் பூராப் படிச்சேன், யார்கிட்டயும் கேக்காம. ஓட்டு செல்லாமப் போச்சு, சரி. நான் போட்டது என் பேரு. எங்க போடக்கூடாதுன்னு இன்னொரு பாடம் நடத்துங்க. பாதியில விட்டுட்டுப் போகாதீங்க."

தையல்காரம்மா கையிலிருந்த நோட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கலவைக்காரரைத் தாண்டிப் பின்னால் பார்த்தார்.

பின்னால் ஒரு பலகை கிறீச்சிட்டது. யாரோ எழுந்திருக்கிறார்கள். பிறகு இன்னொன்று. சுவரோரம் யாரோ செருமினார்கள், இன்னொரு பலகை. வாசலில் நின்ற கண்டக்டர் விரல் மடக்க ஆரம்பித்தார். பதினொன்று வந்ததும் நிறுத்தப் போனவர், பலகைகள் இன்னும் கிறீச்சிடவே திகைத்து, மறுபடி முதல் விரலிலிருந்து தொடங்கினார்.

எத்தனை பேர் எழுந்தார்கள் என்று கலவைக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. எண்ணிக்கையை உங்களிடமே விடுகிறேன். யார் யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.